மேகாத்து லீவு

ஆனி பிறந்துவிட்டால் திருப்பூர் மண்ணரையில் எதன் தலையிலும் ஒரு கல்லை வைத்தாக வேண்டும். தகரக் கூரைக்குக் கல், தண்ணீர்த் தொட்டி மூடிக்குக் கல், வெயிலில் காயப்போட்ட வத்தலுக்கு நாலு மூலையிலும் கல். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற மேற்குக் காற்று அப்படி. இந்தப் பக்கத்தில் அதை மேகாத்து என்பார்கள். வேஸ்ட் மூட்டைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பனியன் துணுக்குகள் கரண்ட் கம்பியில் மாட்டி, ஆவணி வரைக்கும் அங்கேயே படபடத்துக்கொண்டிருக்கும். சோற்றில் மண் விழுகிறது, கண்ணில் பஞ்சு விழுகிறது என்று லைன் வீடுகளில் எல்லோரும் காற்றைத் திட்டுவார்கள். கடைசி வீட்டு ரோஸ்மேரி மட்டும் காலையில் எழுந்ததும் வெளியே வந்து, கம்பியில் மாட்டிய துணுக்கு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள்.

ரோஸ்மேரிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். வயசுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே திருப்பூருக்குத் தைக்க வந்தவள். பிளாட்லாக் மெஷினில் டீசர்ட்டுக்கு அடி மடித்து அடிப்பது அவள் வேலை. அதே கம்பெனியில் அயர்னிங் டேபிளில் நின்ற மகுடேஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். அவன் காங்கேயத்துப் பக்கம், கொங்கு வீட்டுப் பையன்; அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். இரண்டு ஊரும் பேச வேண்டியதையெல்லாம் பேசின. பேசி ஓய்வதற்குள் மகள் ஜோதிகா வளர்ந்து கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கப் போய்விட்டாள். மகுடேஸ்வரன் யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் நடந்துகொள்கிற மனிதன். அயர்னிங் செக்‌ஷனுக்கே அவனை இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்கள் என்று இந்த வருசம் பேச்சு இருந்தது.

ரோஸ்மேரிக்குப் பிளேன் ஆசை ஒட்டிக்கொண்டது சேவூரில். அங்கே மகுடேஸ்வரனின் பெரியப்பா மகன் புதுவீடு கட்டி விருந்து வைத்தான். சாப்பிட்டுவிட்டு ரோஸ்மேரி ஊருக்கு வெளியே காலாற நடந்தபோது, வெள்ளாங்கரட்டுக்கு மேலே ஒரு பெரிய வெள்ளைச் சிறகு சத்தமே இல்லாமல் போவதும் வருவதுமாக இருந்தது. வெள்ளாங்கரடு மலையில் சேர்த்தி இல்லை. மேற்கே பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற பாறைக் குன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறகு ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கீழே வேலிமுள்ளுக்குள் விழுந்தது. சேலை கிழியக் கிழிய உள்ளே போய் எடுத்து வந்தவள் இவள்தான். அதை மேலே நின்று ஓட்டிய அமானுல்லா பின்னாலேயே மூச்சிரைக்க இறங்கி வந்தார். மண்ணரையிலேயே பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்கிறவர்.

"இதுல மோட்டார் எங்கன இருக்கு பாய்?" என்று கேட்டாள்.

"மோட்டாரே இல்ல தங்கச்சி. காத்துதான். காத்து வந்து கரட்டுல முட்டுதில்ல, முட்டுனா எங்க போவும்? மேலதான ஏறோணும். அது மேல இதை உக்கார வச்சுட்டா போதும். ரிமோட்டுல திருப்பி ஓட்டிக்கலாம்."

அன்றைக்கு மேலே ஏறியவள் பொழுது இறங்கிய பின்தான் விருந்து வீட்டுக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவளுக்கே ஒரு பிளேன் ஆயிற்று. பேக்கிங்குக்கு வருகிற மாதிரியான, ஆனால் வளைந்தாலும் உடையாத ஒரு ரப்பர் போன்ற அட்டையை வாங்கி, பிளேடால் சிறகாகச் செதுக்கி, உள்ளே கார்பன் கம்பி கொடுத்து, மஞ்சளும் கறுப்புமாக டேப் ஒட்டினாள். சிறகின் ஓரப் பட்டையை ஆட்டுகிற குட்டி மோட்டார்கள் பார்சலில் வந்தன. எத்தனையோ தரம் உடைந்தது. எத்தனையோ தரம் ஒட்டினாள். மகுடேஸ்வரன் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்குவது அவன் வழக்கம். அவள் கரட்டுக்குப் போவது அவள் வழக்கம். அவன் ஒரு தரம்கூட அங்கே வந்ததில்லை.

இந்த வருசம் ஆடி தொடங்கிய வாரத்தில், சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்துக்கு, புளோர் மேனேஜர் கந்தவேல் லைனுக்கு நடுவில் வந்து நின்றார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"சாயப்பட்டறைல துணி லேட்டாயிருச்சு. பையர் ஒத்துக்கமாட்டீங்கறான். ஷிப்மெண்ட் போற வரைக்கும் எல்லா ஞாயித்துக்கிழமையும் வேலைங்க. வேன் ஊட்டு வாசலுக்கே வரும். வர முடியாதவங்க இப்பவே காரணத்தைச் சொல்லிப் போடுங்க. திங்கக்கிழமை வந்து தலையச் சொறிஞ்சுட்டு நிக்கப்படாது."

ஒருத்திக்கு அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. ஒருத்தனுக்கு அப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கந்தவேல் தலையாட்டிக்கொண்டே வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாராவது மயங்கி விழுந்தால் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு போகிறவர்.

"ரோஸ்மேரி?"

"நான் வரல சார்."

"சர்ச்சுங்களா?"

"சர்ச்சுக்கு விடிகாலை ஆராதனைக்குப் போய்ட்டு வந்திருவேன் சார். அதுக்கப்புறம் பிளேன் விடப் போறேன்."

லைனில் யாரோ வாயாலேயே விமானச் சத்தம் போட்டார்கள். சிரிப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. ரோஸ்மேரி மெஷினுக்குக் கவர் போட்டுக்கொண்டிருந்தாள். கந்தவேல் சிரிக்கவில்லை. எல்லோரும் கிளம்பியதும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கம்மா. சர்ச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணுங் கேக்கமாட்டேன். பிளேனுன்னு சொன்னா ஆபீசுல நான் எப்புடிங்க போய்ச் சொல்றது?"

"பிளேன்னே சொல்லுங்க சார்."

"வெளையாடறக்கு லீவுன்னு இந்தக் கம்பெனில ஆராச்சும் கேட்டிருக்காங்களா?"

"தெரியல சார். நான் கேக்கேன்."

வீட்டுக்கு வந்தபோது காற்று கதவை அறைந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பில் அரிசி பருப்புச் சோற்றுக்கு வெங்காயம் தாளித்தாள். அது அவன் ஊர்ச் சாப்பாடு. பக்கத்து அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுபட்டது. அது அவள் ஊர் வழக்கம். அந்த இரண்டையும் சேர்த்துத் தின்னப் பழகிய வீடு. மகுடேஸ்வரன் சுவரோரம் உட்கார்ந்து கால் பெருவிரலை நீவிக்கொண்டிருந்தான். நாளெல்லாம் நின்று ஸ்டீம் அயர்ன் தேய்க்கிறவனுக்குப் பொழுதானால் கால் மரத்துவிடும்.

"ஏம்புள்ள, சர்ச்சுன்னு சொன்னா உன்ற வாயி வெந்தா போயிரும்?"

"வேகாது. ஆனா அது நெசம் இல்லல்லா."

"நீ சர்ச்சுக்குப் போறது நெசந்தான?"

"அதுக்கு லீவு வேண்டாமே. நான் வெள்ளன போய்ட்டு வந்திருதேன். லீவு பிளேனுக்குத்தான கேக்கேன்."

அவன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். ஒரு வாய் தின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அயர்னிங்ல அத்தன பேரும் என்னையத்தான் பாத்தானுக. சுப்பண்ணன் வந்து, உன்ற சம்சாரம் பைலட்டாயிருச்சாமா, அடுத்த மாசம் துபாய்க்கு ஓட்டறாங்களாமாங்கறான். நானு என்னன்னு சொல்றது?"

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதான."

"வெளையாடாத. நம்மளப் பத்திப் பேசி ஊரு ஓஞ்சதே இப்பத்தான். கல்யாணம் பண்ணப்ப பேசுனாங்க. புள்ளைய எந்தச் சாமி கும்பிட வைக்கறதுன்னு பேசுனாங்க. எல்லாம் ஓஞ்சு, மகுடேஸ்வரன்னா நல்ல மனுசன்னு சொல்ற காலத்துல, நீயி மறுக்காவும் ஆரம்பிச்சு உடறே."

அவள் கருவாட்டை அவன் தட்டில் வைத்தாள். "நான் யாருக்காச்சும் கெடுதல் செய்யுதேனா?"

"அதைய ஆரு சொன்னா? மத்த மாசத்துல போயி உடேன். பொங்கலுக்கு உடு. நானே வாரேன்."

"பொங்கலுக்குக் காத்து எங்கன இருக்கு? இந்த ரெண்டு மாசந்தான் மேகாத்து. அதுல ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எனக்கு. அதையும் குடுத்துட்டா அடுத்த ஆனி வரைக்கும் நான் எதப் பாக்க?" அவள் கழுத்தைப் பின்னால் சாய்த்து நெட்டி முறித்தாள். "காலைல குனிஞ்சா சாயங்காலம் வரைக்கும் ஊசியையும் துணியையுந்தான் பாக்கேன். கரட்டுல நின்னா நிமிந்துதான் பாக்கணும். வேற வழியே கெடையாது. இதெல்லாம் சொன்னா ஒங்களுக்கு வெளங்காது. ஒரு நாளாவது வந்து பாத்தீயளா?"

காற்றுக்குக் கரண்ட் போய்விட்டது. இருட்டிலேயே சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. மகுடேஸ்வரன் சோற்றுப் போசியோடு ஏறிப் போனான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் விடிகாலை ஆராதனைக்குக் கட்டிப் போன சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டாள். பனியன் துணியில் தானே தைத்த நீளப் பையில் சிறகை வைத்து முதுகில் கட்டி, டிவிஎஸ் வண்டியில் கிளம்பினாள். அவிநாசி தாண்டியதும் எதிர்க்காற்று வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. சோளக்காடுகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன.

கரட்டின் உச்சியில் அமானுல்லாவும் அவர் மனைவி நசீம் பானுவும் ஏற்கனவே வந்திருந்தார்கள். நசீம் பானு பிளேன் விடுகிறவள் இல்லை. விடுகிறவர்களுக்கு அதை வீசிக் கொடுக்கிறவள். பாறையின் விளிம்புவரை நாலு எட்டு ஓடி, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, எதிர்க்காற்றுக்குள் செருகுகிற மாதிரி வீசுவாள். அதில் அவளுக்கு இணை கிடையாது.

ரோஸ்மேரி பிளேனின் வயிற்றுக்குள் ஈயக் கட்டிகளை வைத்து அடைத்தாள். பலத்த காற்றில் கனம் இல்லாவிட்டால் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் கரட்டுக்கு அந்தப் பக்கம் சுழலில் போட்டுவிடும். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டி, குச்சிகளை அசைத்துப் பார்த்தாள். சிறகின் ஓரங்கள் சொன்னபடி ஆடின.

"போடட்டா?" என்றாள் நசீம் பானு.

"போடுங்கக்கா."

கையை விட்டதும் பிளேன் ஒரு முழம் இறங்கியது. பிறகு அடியிலிருந்து ஒரு கை ஏந்தியதுபோல் அது மேலே வந்தது. மேலே, இன்னும் மேலே. அவள் கட்டைவிரலை மயிரிழை அசைத்தாள். மஞ்சள் சிறகு வடக்கே சரிந்து கரட்டின் விளிம்போடு ஓடி, காட்டுப் பக்கமாகத் திரும்பி, தெற்கே வந்தது. கரட்டைப் பார்த்துத் திருப்பக் கூடாது. எப்போதும் வெளியே, காற்றைப் பார்த்து. எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து பக்கத்திலேயே மிதந்தது. அதுவும் இறக்கையை அடிக்கவில்லை.

சாப்பிடும்போது நேற்று நடந்ததைச் சொன்னாள். நசீம் பானு கொண்டுவந்த தக்காளிச் சோறும் கோழி வறுவலும் இருந்தன. காற்றில் இலை நிற்காது என்பதால் போசியிலேயே கை வைத்துத் தின்றார்கள். அமானுல்லா சிரித்தார்.

"நான் கடையப் பூட்டிட்டு வர்றப்பல்லாம் மையத்து வீடுன்னு சொல்லிட்டு வர்றேன் தங்கச்சி. இந்த ரெண்டு வருசத்துல சொந்தக்காரங்கள்ல பாதிப்பேரை நானே அடக்கம் பண்ணிட்டேன். நீங்களும் ஒண்ணைச் சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"அவ்வோ பொய் சொல்லிட்டு வர்றாங்க, நீ சொல்லாம வர்றே," என்றாள் நசீம் பானு. "பிளேனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் ரோசு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்லக்கா." ரோஸ்மேரி எலும்பைக் கீழே வைத்தாள். "சாவுக்கு லீவு உண்டு. சீக்குக்கு லீவு உண்டு. காது குத்துக்கு உண்டு. எனக்குப் புடிச்சிருக்குன்னு கேட்டா மட்டும் சிரிக்காங்க. நான் ஒரு பொய்யைச் சொல்லிட்டு இங்கன வந்து நின்னா, அவங்க சிரிச்சது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

நசீம் பானு போசியை மூடி வைத்தாள். பிறகு கணவனைப் பார்த்து, "அடுத்த வாரம் நீங்க எந்த மச்சானையும் கொல்ல வேணாம்," என்றாள்.

திங்கட்கிழமை ரோஸ்மேரியின் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கந்தவேல் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்க்காமலே பேசினார்.

"ஒண்ணுங் கோவமில்லீங்க. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குது. இந்த வாரம் பிசிறு வெட்டுங்க. நேத்தைக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப் போட்டா இப்பவே மெஷினுக்குப் போயிரலாம்."

"மேலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு சார்."

தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிப்பது ஹெல்பர்களின் வேலை. புதிதாக வந்த பிள்ளைகளும் வயசானவர்களும் செய்வது. ரோஸ்மேரி அவர்களோடு பலகையில் உட்கார்ந்து கத்திரியை எடுத்தாள். அவள் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். "அக்கா, பிளேன்?" என்று ஒருத்தி கையை விரித்துக் காட்டிக் கேட்டாள். கேலிதான் என்று ரோஸ்மேரி நினைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. ரோஸ்மேரி செல்போனை எடுத்துப் படம் காட்டினாள். மத்தியானத்துக்குள் பலகையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவள் தண்ணீர் குடிக்க லைனைக் கடந்து போகும்போதெல்லாம் எங்கிருந்தாவது அந்த வாய்ச் சத்தம் வந்தது. சத்தம் வரும் பக்கம் அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள். யாராக இருந்தாலும் அவன் முடிக்கும் வரைக்கும் நின்று கேட்டுவிட்டுப் போவாள். வியாழக்கிழமைக்கு மேல் சத்தம் குறைந்துவிட்டது.

அயர்னிங் டேபிளில் இருந்து பார்த்தால் பிசிறு வெட்டும் பலகை தெரியும். மகுடேஸ்வரன் வாரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டேதான் தேய்த்தான். அந்த லைனிலேயே கை சுத்தமான டெய்லர் அவள். வந்த புதிதில் அவள் அடித்த மடிப்பைத் தேய்க்கும்போதுதான் இது யார் அடித்தது என்று கேட்டு, தேடிப் போய்ப் பார்த்தான். இப்போது அவள் கையில் ஒரு கத்திரி. சனிக்கிழமை அவனே கந்தவேலிடம் போய் நின்றான்.

"அவளை மெஷின்ல உக்கார வையுங்க சார்."

"வைக்கறேன். நாளைக்கு வேன்ல நானே வாறேன். அவங்க வரட்டும். வரலீன்னா, ஒடம்புக்கு முடியலீன்னு நீயாச்சும் எல்லார்த்துக்கும் முன்னால சொல்லு. எனக்கு ஒரு காரணம் வேணுமப்பா, அவ்வளவுதான். உனக்கும் இன்சார்ஜ் பேச்சு ஓடிட்டிருக்குது, பாத்துக்க."

"சொல்லிப் போடறேனுங்க," என்றான் மகுடேஸ்வரன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் சந்துக்குள் நுழைந்தபோது லைன் வீட்டுக்காரர்கள் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார்கள். வேனுக்குள் பாதி லைன் உட்கார்ந்திருந்தது. முன்சீட்டில் இருந்து கந்தவேல் இறங்கினார். காற்றுக்கு அவர் சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பியது. மகுடேஸ்வரன் சோற்றுப் போசியோடு வாசலில் நின்றான். போசியை வேனுக்குள் வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"ரோஸ்மேரி வர்றாங்களா?"

"அவளுக்குக் காச்சலுங்க சார். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல," என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

கந்தவேல் தலையாட்டினார். அவருக்கு முகம் தெளிந்தது. "செரி, பாத்துக்கப்பா. நாளைக்கு..."

கதவு திறந்தது. ரோஸ்மேரி முதுகில் நீளப் பையைக் கட்டிக்கொண்டு, கையில் ரிமோட்டுப் பெட்டியோடு வந்தாள். ஆராதனைக்குப் போய்வந்த பூ இன்னும் தலையில் இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன். பிளேன் விடப் போறேன்." கணவனைப் பார்க்காமலே சொன்னாள்: "அவ்வோ எனக்காகச் சொல்லிட்டாவ. அதை மனசுல வச்சுக்காதீங்க."

குழாயடியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. யாரும் அடைக்கவில்லை. கந்தவேலின் காது சிவந்துவிட்டது. ஒரு வாரமாக அவரும் மேலே பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது அத்தனை பேருக்கும் முன்னால் முட்டாளாக நின்றார். கோபம் அவளிடம் போகவில்லை. மகுடேஸ்வரனிடம் திரும்பியது.

"ஏனப்பா, ஊட்டுல ஒரு பொம்பளைய அடக்கத் தெரியல. உன்னையக் கொண்டுபோயி செக்‌ஷனுக்கு இன்சார்ஜா போட்டா நீயி என்னத்தை அடக்குவே?"

மகுடேஸ்வரன் அவரையே பார்த்தான். கோபக்காரன் இல்லை அவன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருதரம் வேட்டியைச் சரிசெய்தான். பிறகு வேனுக்குள் குனிந்து, சீட்டில் வைத்த சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"நானும் வரலீங்க சார்."

"உனக்கென்ன காரணம்?"

அவன் யோசித்துப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான்.

"காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க."

வேனுக்குள் யாரும் சிரிக்கவில்லை. யாரும் இறங்கவும் இல்லை. கந்தவேல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் பின்னாலேயே ரிவர்ஸ் எடுத்துச் சந்தைவிட்டு வெளியேறியது. குழாயடியில் ஒரு பெண் குழாயை மூடினாள். மகுடேஸ்வரன் வீட்டுக்குள் போய் வண்டிச் சாவியை எடுத்து வந்தான்.

"அவடத்தாலைக்கு, அந்தக் கரட்டுக்கு, எப்புடிப் போறது? அவிநாசி வழியா?"

"ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?" என்றாள் அவள். "இன்சார்ஜ் போச்சே."

"போச்சு. போனதைய அப்பறம் பேசிக்கலாம். பையப் புடிச்சு உக்காரு, காத்து தூக்குது."

போனது போனதுதான். மறுநாள் அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் இரண்டு பேருக்கும் கேட்டைத் திறக்கவில்லை. டெய்லர் வேண்டும் என்று கேட்டுக்குக் கேட்டு அட்டை தொங்குகிற ஊர்; ரோஸ்மேரிக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன யூனிட்டில் அந்த வாரமே மெஷின் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், பிளேன் விடுவேன் என்று முதலிலேயே சொன்னாள். அந்த ஓனர் ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் வராமல் கழுத்தறுத்துவிடாதீர்கள் என்றார். மகுடேஸ்வரனுக்கு அப்படிச் சுலபத்தில் அமையவில்லை. பல கேட்டுகளில் நின்றான். கடைசியில், தன்னைவிட இளைய ஒரு மாஸ்டருக்குக் கீழே டேபிள் கிடைத்தது. அது அவனுக்கு இன்றைக்கும் வருத்தம்தான். சில நாள் சாப்பிடும்போது சொல்லுவான். அவள் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் அன்று காலை வண்டியில் போகும்போது இதில் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

கரட்டில் ஏறுவதற்குள் மகுடேஸ்வரனுக்கு மூச்சு வாங்கியது. உச்சியில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. காற்றில் சாய்ந்துதான் நிற்க வேண்டியிருந்தது. வேட்டி காலோடு சுற்றிக்கொண்டது. அமானுல்லா தன் பிளேனைப் பையைவிட்டே எடுக்கவில்லை.

"இன்னைக்குக் காத்து சரியில்ல தங்கச்சி. ரொம்ப மூர்க்கமா இருக்குது. ஒடச்சுப்புடும்."

"ஒடஞ்சா ஒட்டிக்கிடலாம் பாய்," என்ற ரோஸ்மேரி இருந்த ஈயக் கட்டிகளையெல்லாம் வயிற்றில் திணித்து டேப் ஒட்டினாள். நசீம் பானு சோற்றுப் போசிகள் உருண்டு போகாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பாறை மறைவில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நீங்க வீசுங்க," என்றாள்.

"எனக்குத் தெரியாதுங்களே."

"தெரியறதுக்கு ஒண்ணுமில்லண்ணே. மேல பாத்துத் தூக்கிப் போடாதீங்க. காத்தைப் பாத்து நேரா குத்துங்க. பயந்துட்டு மெதுவா மட்டும் உட்டுராதீங்க."

மகுடேஸ்வரன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். பிளேனைத் தலைக்கு மேல் தூக்கியதும் அது உயிருள்ளது போலக் கையில் துடித்தது. விடு விடு என்று இழுத்தது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கால்களை அகட்டி ஊன்றி, ரிமோட்டை நெஞ்சோடு வைத்து நின்றாள். அவளை அப்படி அவன் பார்த்ததில்லை.

"போடுங்க," என்றாள்.

ஓடி வீசினான். பிளேன் கீழே சரிந்தது; போயிற்று என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அமானுல்லா "யா அல்லா" என்பது கேட்டது. கண்ணைத் திறந்தபோது அது அவன் தலைக்கு நேர் மேலே, தென்னை உயரத்துக்கும் மேலே போயிருந்தது. காற்று அதைப் பின்னால் தள்ளியது. ரோஸ்மேரி மூக்கைத் தாழ்த்தி முன்னால் கொண்டுவந்தாள். மறுபடி தள்ளியது. மறுபடி கொண்டுவந்தாள். உதடு கடிபட்டிருந்தது. மூன்றாவது தள்ளலில் பிளேன் நின்றது. மேற்கைப் பார்த்துக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், அந்த அசுரக் காற்றுக்குள் ஆணி அடித்தாற்போல் வானத்தில் நின்றது. சிறகு மட்டும் விர்ரென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்புடிப் புள்ள அங்கயே நிக்குது?"

"பேசாதீங்க. விட்டா போயிரும்."

அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்தான். கந்தவேல். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. லைன் நிற்கிறது, பிளாட்லாக்கில் புதுப் பெண்ணுக்கு மடிப்பு கோணலாகப் போகிறது, காலையில் பேசினது பேசினதாக இருக்கட்டும், மத்தியானத்துக்கு மேலாவது அவளை வரச் சொல்லு, காரணம் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றார்.

"அவளுக்குக் கை வேலையா இருக்குதுங்க சார்."

"என்ன வேலை? கேக்கலப்பா. சத்தமாச் சொல்லு."

அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

"என்னது? ஒண்ணுங் கேக்கல."

மகுடேஸ்வரன் பாறையின் விளிம்புக்கு நடந்து போனான். கீழே காட்டில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்பால் சேவூரும், அவன் பெரியப்பா மகனின் புதுவீடும் தெரிந்தன. போனை வாய்க்கு நேரே பிடித்து, இத்தனை வருசத்தில் யாரிடமும் உயர்த்தாத குரலில் கத்தினான்.

"என்ற பொண்டாட்டி பிளேன் உட்டுட்டு இருக்கறாங்க சார். பிளேனுங்க. ஆகாசத்துல நிக்குதுங்க. இப்ப வரமுடியாதுங்க."

ஆட்டுக்காரர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.